மலையகத் தமிழரும் பிரசாவுரிமையும்

ஒரு நாட்டின் மக்கள் யாவர் என்னும் வினா எளிய வினாவாகவே முதலில் தோன்றும். ஒரு நாட்டிற் பிறந்து, அந்நாட்டு மண்ணில் உழைத்து, அம்மண்ணிலேயே அடக்கமாவோர் அந்நாட்டு மக்களே என்று உலகியல் அறிந்தோர் விடை பகர்வர். ஆயின் அரசுகள் அவ்வாறு விடை பகர்வதில்லை. அவை பத்திரம் கேட்கின்றன. பத்திரம் உடையவன் குடிமகன், அஃதில்லாதவன் அந்நியன். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே இவ்வழக்கம் சென்ற இரு நூற்றாண்டுகளில் எத்தகைய விளைவுகளை உண்டாக்கிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு நிலைக்களமாக நோட்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூரைக் கொள்ளலாம். ஹட்டனுக்கு மேற்கே, தேயிலைச் சரிவுகளுக்கிடையே, கெஹெல்கமு ஓயா ஓடும் பள்ளத்தாக்கில் அமைந்தது அவ்வூர். அங்கே ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே சென்று லக்சபான மின்னிலையத்தை இயக்குகின்றது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலே எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950 ஆம் ஆண்டில் நிறைவேறியபோது, இம்மலையாற்றின் ஆற்றல் கொழும்பு மாநகரின் விளக்குகளை ஏற்றிற்று. அக்காலத்தில் அணையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலே எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அவ்விளக்கொளியில் அங்குள்ளோர் அப்பொழுது ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தனர். தாம் பல்லாண்டு காலமாக இந்நாட்டில் வாழ்ந்தவர் என்பதை நிறுவுமாறு அரசாங்கம் அவர்களைப் பணித்திருந்தது. அப்பணிப்பின் வரலாறு நெடியது.

வந்த வழி

1815 ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் மலைநாட்டிலே கோப்பிச் செய்கை தொடங்கிற்று. தோட்டங்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் அந்நிலத்தைத் தேடிக் கொடுத்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், உரிமை நிறுவப்பட்டாலன்றி, முடிக்கே உரியனவென்று அது விதித்தது. கண்டிச் சிங்களக் குடியானவர் தம் பாட்டன் பூட்டன் காலந்தொட்டுச் சேனைப் பயிர் செய்த மேட்டு நிலங்களுக்கு உறுதிச் சீட்டு எதனையும் வைத்திருந்தாரல்லர். அரசர் அளித்த சன்னசு உடையோர் மிகச் சிலரே. ஆகவே நிலம் கைமாறிற்று. இம்மலைகளிலே வாழ்ந்து உழைத்தோரிடம் பத்திரம் கேட்டு, அஃதில்லையென்று உரிமை மறுத்த முதல் நிகழ்ச்சி இதுவாகும். அவ்வாறு இழந்தோர் சிங்களக் குடியானவர் என்பதை இவ்வாராய்ச்சி முழுவதிலும் நாம் மறத்தலாகாது.

நிலம் கிடைத்தபின் ஆள் வேண்டியிருந்தது. சொந்த வயல் உடைய கண்டிக் கிராமத்தவர் தோட்டத்துக் கூலிக்கு வர விரும்பிலர். ஆகவே தோட்டத் துரைமாரின் பார்வை பாக்கு நீரிணைக்கு அப்பாற் சென்றது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலே நிலமற்றோரும் கடன்பட்டோரும் தாழ்த்தப்பட்ட சாதியினரும் மிகுதி. மழை பொய்த்த ஆண்டுகளிற் பஞ்சம் அவர்களை ஊரைவிட்டு எழுப்பியது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சம் அவற்றுட் கொடியது. கங்காணிமார் ஊர்களுக்குச் சென்று, முன்பணம் கொடுத்து, ஆட்களைத் திரட்டினர். அவ்வாட்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன.

கோப்பிக் காலத்து வருகைக்கும் தேயிலைக் காலத்து வருகைக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. கோப்பிப் பழம் பருவத்திற் பறிக்கப்படுவது. பறிப்புக் காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவது அக்காலத்துத் தொழிலாளருட் பெரும்பாலோர் வழக்கமாயிருந்தது. 1869 ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை மலைநாடெங்கும் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1884 ஆம் ஆண்டிற் புகையிரதம் ஹட்டனை அடைந்தது. தேயிலைக்கோ பருவமில்லை, வாரந்தோறும் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்த இடத்திற் குடும்பம் அமைந்தது. குடும்பம் அமைந்த இடத்திற் குழந்தைகள் பிறந்தனர். தோட்டத்துக் காளியம்மன் கோயிலும் மாரியம்மன் கோயிலும் எழுந்தன. லயத்துக்கு அப்பால் மயானமும் அமைந்தது. வந்துபோகும் கூட்டத்தைக் குடியிருக்கும் சமூகமாக மாற்றியது தேயிலையே. பின்னாளில் இம்மக்களை வந்துபோவோர் என்று கூறியோர், கோப்பிக் காலத்து உண்மையைத் தேயிலைக் காலத்தவர்மீது சார்த்தினர் எனலாம்.

இனி, இம்மக்களைப் பற்றிய பத்திரங்கள் எவை என்று நோக்குவோம். பத்திரங்கள் இல்லாமலில்லை. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன கூட்டத்தை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. உண்மையிற் கடனுக்கு எழுதிய ஆளுறுதி. 1921 ஆம் ஆண்டில் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூற்றாண்டின் தொடக்கத்திலே கடல் கடந்து வந்தோர்க்குத் தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. அதனைக் கழுத்திலே கட்டிக்கொண்டு வந்தனர். தோட்டத்தை அடைந்தபின் பெயர் செக்றோலில் ஏறும். கடன் கங்காணியின் பேரேட்டில் ஏறும். இவ்வாறு அவர்களுடைய உழைப்பும் கடனும் நாள்தோறும் எழுதி வைக்கப்பட்டன. ஆயின் அவ்வேடுகள் யாவும் பிறர் கையில் இருந்தன. பிறர் தேவைக்காக எழுதப்பட்டன. தொழிலாளி தன் கையில் வைத்துக்கொள்ளத்தக்க பத்திரம், தன் உரிமையைத் தானே நாட்டத்தக்க பத்திரம், அவற்றுள் ஒன்றுமில்லை.

வாக்கும் அச்சமும்

1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கையில் வாழ்ந்த இந்தியத் தமிழர் ஏறக்குறைய 5,31,000 பேர். 1927 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த டொனமூர் ஆணைக்குழு, தோட்டத் தொழிலாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர் நிலையாகக் குடியேறிவிட்டனர் என்று கருதியது. சர்வசன வாக்குரிமையையும் அது சிபாரிசு செய்தது. ஐந்தாண்டு வசிப்பு இருந்தாற் போதும் என்னும் அதன் கருத்துக்குச் சிங்களத் தலைவர்களிடையே பலத்த எதிர்ப்பு எழுந்தது. அதனால் நிரந்தர வாழிடம் அல்லது நிலையான குடியேற்றச் சான்றிதழ் என்னும் நிபந்தனைகள் புகுத்தப்பட்டன. அங்ஙனமாயினும் 1931 ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936 ஆம் ஆண்டில் அதே தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் தெரிவானார். பத்திரிகையாசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய அவர், கங்காணி முறையின் கொடுமைகளை அச்சேற்றி அம்பலப்படுத்தியவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மையார் தாம் இயற்றிய பாட்டுக்களைத் தோட்டந்தோறும் பாடி மக்களை எழுப்பினார்.

கண்டிச் சிங்களத் தலைவர்களின் அச்சத்தையும் நேர்மையுடன் எடுத்துரைத்தல் வரலாற்றாசிரியன் கடனாகும். தம் கிராமங்களைச் சூழ்ந்த மேட்டு நிலமெல்லாம் தோட்டமாயிற்று. தோட்டமெல்லாம் வேற்று மொழி பேசுவோரால் நிறைந்தது. இப்பொழுது அவர்கள் வாக்கினாலே தம் தொகுதிகளும் போய்விடும் என்று அவர்கள் எண்ணினர். அவர்களுடைய இழப்பு மெய்யானது. ஆயின் அவ்விழப்பை உண்டாக்கியது 1840 ஆம் ஆண்டின் சட்டமும் அதன் பயனை நுகர்ந்த தோட்டக் கம்பனிகளும். கொழுந்து பறித்த பெண்ணுக்கு அதிற் பங்கில்லை. நிலத்தைக் கொண்டவரோடு வழக்காட இயலாதபோது, அந்நிலத்தில் வேலை செய்தவரோடு வழக்காடுதல் எளிதாயிற்று.

1939 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளரை நீக்க முற்பட்டது. நேரு நேரில் வந்து பேசியும் பயன் விளையவில்லை. அவர் வருகையை ஒட்டி இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முதலாந் திகதி தொடக்கம் இந்திய அரசாங்கம் பயிற்சியில்லாத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. இத்தடையின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதன்பின் தோட்டங்களுக்குப் புதியோர் வருகை பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே சுதந்திரம் கிடைத்தபொழுது தோட்டங்களில் இருந்தோர் நேற்று வந்தவரல்லர். வந்து நிலைத்தவரும் ஈண்டே பிறந்தவருமாவர்.

சட்டத்தின் நுட்பம்

1947 ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் இம்மக்கள் வாக்களித்தனர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். மலைநாட்டின் வேறு சில தொகுதிகளிலும் காங்கிரஸ் வேட்பாளர் வென்றனர். காங்கிரஸ் போட்டியிடாத இடங்களிலே தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின. ஆட்சியேற்ற கட்சிக்கு இவ்விரண்டும் உவப்பான செய்திகளல்ல.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நாடு சுதந்திரமடைந்தது. நவம்பர் மாதம் 15 ஆந் திகதி 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தால் மட்டும் பிரசையாதல் இயலாது என்பது அதன் உட்கருத்து. அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்தவன் வமிசாவளிப் பிரசையாவதற்கு அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அந்நாளிலோ அதற்குப் பின்னோ பிறந்தவனாயின், அவன் தந்தை பிரசையாக இருத்தல் வேண்டும். நாட்டுக்கு அருஞ்சேவை செய்தோரைப் பதிவுசெய்யும் வழியொன்றும் இருந்தது. அவ்வழியிற் சேர்க்கத்தக்கோர் ஆண்டொன்றுக்கு 25 பேரே.

இவ்விதி ஒரு குடும்பத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நோட்டன் பிரிட்ஜை அடுத்த தோட்டமொன்றிலே 1915 ஆம் ஆண்டிற் பிறந்த ஒருவரைக் கருதுக. அவருடைய தந்தை சிறு வயதிற் சேலத்திலிருந்து வந்தவர். மகன் இலங்கையை விட்டு ஒருநாளும் வெளிச்சென்றதில்லை. 1947 ஆம் ஆண்டில் வாக்கும் அளித்தார். ஆயினும் தந்தை கடலுக்கு அப்பாற் பிறந்தமையால் அவர் பிரசையல்லர். அவருக்கு 1940 ஆம் ஆண்டில் ஒரு பிள்ளையும், 1949 ஆம் ஆண்டில் மற்றொரு பிள்ளையும் பிறந்தன என்று கொள்வோம். மூத்த பிள்ளையின் தந்தை இலங்கையிற் பிறந்தவராதலின் அப்பிள்ளை சட்டத்தின் எழுத்துப்படி பிரசை; ஆனால் தந்தை 1915 ஆம் ஆண்டிலே லயத்திற் பிறந்தமைக்குப் பத்திரம் காட்டவேண்டும். இளைய பிள்ளையின் தந்தை பிரசையல்லராதலின் அப்பிள்ளை எந்நாட்டுக்கும் உரியதன்று. தந்தையும் மூத்தோனும் இளையோனும் ஒரே லயத்து அறையில் உறங்குவர். சட்டத்தின் முன் அவர்கள் மூவேறு நிலையினர்.

1949 ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் தொடர்ந்தன. ஒன்று பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரசைகளல்லாதார் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அது நீக்கிற்று. மற்றையது இந்திய, பாகிஸ்தானியர் வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். 1946 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வசித்தமையை நிறுவினால் பிரசையாகப் பதியலாம் என்று அது கூறிற்று. வருமானம், மனைவி மக்களின் வசிப்பு முதலியன பற்றிய நிபந்தனைகளும் உடனிருந்தன. விண்ணப்பிக்க இரண்டாண்டு தவணை. காங்கிரஸ் முதலிற் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. தவணை முடியுந் தறுவாயில், யாவரும் விண்ணப்பிக்குக என்றது. 1951 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துள் ஏறக்குறைய 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றின் விசாரணை பத்தாண்டுக்கு மேல் நடந்தது. பதியப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

‘இடையறாது’ என்னும் சொல் பல குடும்பங்களின் விதியை நிருணயித்தது. இறந்த தாயின் கருமத்துக்காகவோ உடன்பிறந்தாளின் திருமணத்துக்காகவோ கடல் கடந்து சென்று நெடுநாள் தங்கியோரின் வசிப்பு இடையறுந்ததாகக் கொள்ளப்படலாயிற்று. தோட்டம் மாறியோர் பழைய தோட்டத்து ஏட்டைத் தேடி அலைந்தனர். உழைப்பைப் பதிந்த செக்றோல் துரையின் காரியாலயத்தில் இருந்தது. அதைப் பார்த்துச் சான்று எழுதுவது துரையின் விருப்பத்தைப் பொறுத்தது.

சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் தனிப்பட்ட தடையை விதித்தலாகாது என்று கூறியதன்றோ? அப்பிரிவின் துணைகொண்டு கோடகன் பிள்ளை என்பார் வழக்குத் தொடுத்தார். 1953 ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகம் அவர் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரசைகள் யாவர் என்று தீர்மானித்தல் ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான உரிமை. சட்டத்தின் விதி யாவர்க்கும் பொதுவாகவே எழுதப்பட்டுள்ளது என்பது அக்கழகத்தின் கருத்து. எழுத்து பொதுவானது என்பது உண்மை. ஆயின் தந்தையின் பிறப்பிடத்தைக் கேட்கும் விதி, தந்தையர் கடல் கடந்து வந்த சமூகத்தின்மேல் மட்டுமே பாரமாக விழும் என்பது எழுதியோர்க்குத் தெரியாததன்று.

எம்மவர் பங்கு

இவ்வரலாற்றை முற்றிலும் பிறர் குற்றமாக எழுதிவிடுதல் வடபகுதித் தமிழர்க்கு எளிது, ஆனால் நேர்மையன்று. 1948 ஆம் ஆண்டின் முதற் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. அவ்வாண்டு முடியுமுன் அதன் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சராகி, இந்திய, பாகிஸ்தானியர் மசோதாவை ஆதரித்தார். சா. ஜே. வே. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் அவர்தம் நண்பரும் அதனை எதிர்த்துப் பிரிந்து, 1949 ஆம் ஆண்டு திசம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவினர். ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமையைப் பறிக்கும் வழி திறக்கப்பட்டால், அவ்வழி அங்கேயே நின்றுவிடாது என்பது செல்வநாயகத்தின் கவலை. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அக்கவலையை மெய்ப்பித்தது.

அரசியலுக்கு அப்பால் ஓர் உண்மையும் உண்டு. படித்த தமிழர் பலர் தோட்டங்களில் எழுதுவினைஞராகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் ஆசிரியராகவும் பணியாற்றினர். அவர்களுட் பலர் தோட்டத் தொழிலாளரைத் தம்மவர் என்று கருதிலர். ‘தோட்டக்காட்டார்’ என்னும் இழிசொல் எம் வீடுகளிலும் வழங்கியது. ஒரு தேசத்தில் இடம் மறுக்கப்படுவோர், தம் மொழி பேசுவோரிடத்தும் இடம் பெறாதிருந்தனர் என்பதை இம்மலரை வாசிக்கும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எண்ணிக் கொடுக்கப்பட்ட மக்கள்

1952 ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலை ஒட்டிக் கொழும்பிலே காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகம் பல மாதம் நீடித்தும் சட்டம் அசையவில்லை. நேருவும் கொத்தலாவலையும் 1954 ஆம் ஆண்டிற் செய்த உடன்படிக்கையும் பயன் தரவில்லை. இலங்கை, பதியப்படாதார் இந்தியர் என்றது. இந்தியா, விண்ணப்பித்துப் பெறாதார் இந்தியரல்லர் என்றது. இரண்டு மறுப்புகளுக்கும் இடையே நாடற்றோர் என்னும் புதிய வகுப்பு உண்டாயிற்று.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டனர். நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசப்படும். ஏழு பேர் இந்தியாவுக்கு, நான்கு பேர் இலங்கைக்கு என்பது விகிதம். 1974 ஆம் ஆண்டில் எஞ்சியோரும் பாதிக்குப் பாதியாகப் பகிரப்பட்டனர். எவ்வூரில் வாழ விரும்புகின்றீர் என்று அம்மக்களை எவரும் முதலிற் கேட்கவில்லை. தொகை முதலில் முடிவாயிற்று, மக்கள் பின்னர் அத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டனர்.

ஹட்டன் புகையிரத நிலையத்திலும் தலைமன்னார் இறங்குதுறையிலும் அக்காலத்தே எழுந்த அழுகை இன்றும் மலைநாட்டு முதியோர் நினைவில் உள்ளது. இந்தியக் கடவுச்சீட்டு வந்த அண்ணன் கப்பலேற, இலங்கைப் பிரசையான தங்கை கரையில் நின்றாள். பிள்ளைகள் உட்பட ஏறக்குறைய 4,50,000 பேர் காலப்போக்கிற் சென்றனர். அவருட் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும், தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியோர்க்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தனர். ஈண்டு ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டோர் ஆண்டுச் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். 1971 ஆம் ஆண்டில் 11,74,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981 ஆம் ஆண்டில் 8,18,656 ஆகக் குறைந்தது. கப்பலேறியோர் தொகையோடு, தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்தோரும் அக்குறைவுக்குக் காரணமாவர். 1984 ஆம் ஆண்டிற் கப்பற் சேவை நின்றபின், இந்தியப் பிரசைகளாக எழுதப்பட்ட பல்லாயிரவர் மலைநாட்டிலேயே தங்கினர்.

மீண்ட உரிமை

1977 ஆம் ஆண்டில், மூவரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் மக்களால் தெரிவானார். 1947 ஆம் ஆண்டுக்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டு. 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பெரும்பாலோர்க்குப் பிரசாவுரிமை வழங்கின. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆந் திகதி முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியினர்க்கும் பிரசாவுரிமை அளித்தது. பாராளுமன்றத்திலே எக்கட்சியும் அதனை எதிர்க்கவில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகள் தாபனத்தின் துணையோடு நடந்த பதிவு இயக்கத்தில், சில நாட்களுக்குள் 1,90,000 பேரளவில் தம் உரிமையைப் பதிந்துகொண்டனர்.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது யாது? 1951 ஆம் ஆண்டு முதல் பத்தாண்டு விசாரித்து மறுக்கப்பட்ட உரிமையை வழங்க, 2003 ஆம் ஆண்டிற் சில நாட்களே போதியனவாயின. அவ்விடைக்காலத்திற் புதிய சான்று எதுவும் வெளிப்படவில்லை. பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் எங்கிருந்தும் கண்டெடுக்கப்படவில்லை. மாறியது அரசின் மனமே. ஆகவே பத்திரம் இல்லாமை காரணமன்று, காரணமாகக் காட்டப்பட்டது. இம்மக்களின் வாக்கு அச்சம் தருவதாக இருந்த காலத்திற் பத்திரம் இன்றியமையாததாயிற்று. அவ்வச்சம் நீங்கிய காலத்தில் அது வேண்டாததாயிற்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்த அதே 1948 ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ‘வின்ட்ரஷ்’ என்னும் கப்பல் இங்கிலாந்தை அடைந்தது. குடியேற்ற நாட்டவரையும் தம் பிரசைகளாக அந்நாட்டுச் சட்டம் அவ்வாண்டில் ஏற்றது. அவ்வாறிருந்தும், பிள்ளைகளாய் வந்து முதியோரானவர்களிடம், ஆண்டு தவறாது வசித்தமைக்குச் சான்று கேட்கப்பட்டது. சிலர் நாடு கடத்தவும் பட்டனர். அவர்கள் வந்திறங்கிய காலத்து அட்டைகளை அந்நாட்டு உள்நாட்டு அமைச்சே 2010 ஆம் ஆண்டில் அழித்திருந்தது என்பது 2018 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சான்றை வைத்திருந்தவர் அழித்துவிட்டு, வைத்திராதவரிடம் சான்று கேட்டனர். இதற்கு மாறாக, அமெரிக்காவின் 1868 ஆம் ஆண்டுத் திருத்தம் பிறந்த மண்ணையே உரிமைக்கு அடிப்படையாக்கியது. தாம் பிரசையாக இயலாத சீனப் பெற்றோருக்கு அந்நாட்டிற் பிறந்த மகன் பிரசையே என்று 1898 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தையின் பிறப்பிடத்தைத் தோண்டிக் காணும் விதி இயற்கை விதியன்று. வேறு விதியும் உலகில் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

வாக்குரிமை மீண்டமையால் வரலாறு முடிந்துவிடவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த தடையால், தோட்டத்துப் பாதையையும் குடிநீரையும் செப்பனிடப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட இயலாதிருந்தது. 2018 ஆம் ஆண்டிலேயே அத்தடை திருத்தப்பட்டது. தான் பிறந்த லயத்து அறைக்கு உறுதி இல்லாதவர் இன்னும் பலர். 1840 ஆம் ஆண்டிற் கண்டிக் குடியானவனிடம் கேட்கப்பட்ட அதே உறுதி அது. முதலில் நிலத்துக்குப் பத்திரமின்றிச் சிங்களக் குடியானவன் வறியனானான். பின்னர் பிறப்புக்குப் பத்திரமின்றித் தமிழ்த் தொழிலாளி அந்நியனானான். இருவரும் ஒரே மலையில், ஒரே ஆற்றின் இரு கரையில் வாழ்வோர். ஒருவர் இழப்புக்கு மற்றவர் காரணமல்லர் என்பதை இருவரும் உணரும் நாளே இம்மலைநாட்டுக்கு நன்னாளாகும்.

2023 ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியை வழித்தோன்றல்கள் மீண்டும் நடந்து அளந்தனர். அவ்வழியில் மாண்டோர் பெயர்கள் எவ்வேட்டிலும் முழுமையாக இல்லை. ஆகவே மலையகத்திலிருந்து எம் கல்லூரிகளுக்கு வந்து பயிலும் மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றேன். வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருக்கும் பழைய துண்டுச் சீட்டையும், விண்ணப்பப் படியையும், இராமேசுவரத்திலிருந்து வந்த கடிதத்தையும் எறிந்துவிடாதீர்கள். பாட்டியார் எந்தத் தோட்டத்தில் எந்த லயத்திற் பிறந்தார் என்பதை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வையுங்கள். முன்பு பிறர் கேட்டபோது காட்டுவதற்கு அவை இருந்தில. இனி எவரும் கேளாதிருக்கவேண்டும் என்பதே நம் விருப்பம். ஆயினும் இம்மக்களைப் பற்றிய ஏடு ஒன்று, இம்மக்கள் கையாலேயே எழுதப்பட்டு, இம்மக்கள் கையிலேயே இருத்தல் நன்று.